மாட்டிலிருந்து தொடங்கும் ரயில்: லெகோவில் கால்நடைப் பெட்டி கட்டும் வழி

லெகோவில் ரயில் கட்ட உட்காரும் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் கையில் எடுப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கட்டப் போவது கால்நடை ரயில் என்றால் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மேசை மேல் வைக்க வேண்டியது ஒரு மாடு. பெட்டி எவ்வளவு அகலம், கதவு எவ்வளவு உயரம், சுவரில் எத்தனை இடைவெளி, கூரை கழற்றும்படி இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் அந்த மாடே சொல்லிவிடும். எஞ்சினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று நாம் பார்க்கும் வார்ப்பு மாடு 2009-இல் வந்த பண்ணை செட்டுகளோடு அறிமுகமானது. 2014-இல் வந்த 60052 எண் சரக்கு ரயில் செட்டில் ஒரு மாட்டுப் பெட்டியே இருந்தது. அதை அப்படியே தேடி வாங்குவது ஒரு வழி. இந்தக் கட்டுரை, சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு.

எதைப் பார்த்துக் கட்டுவது

உலகம் முழுக்க கால்நடைப் பெட்டிகள் ஓடியிருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு அமெரிக்காவின் 40 அடி மரப்பலகைப் பெட்டி. படுக்கை வாக்கில் பலகைகள், நடுநடுவே காற்றுப் போக இடைவெளி, இரண்டு பக்கமும் நடுவில் ஒரு தள்ளு கதவு. நேர்கோடுகளால் ஆனது, வளைவு எங்கும் இல்லை. லெகோவுக்கு இதைவிட வசதியான வடிவம் கிடைக்காது.

கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் கட்டும்போது உதவும். டெக்சாஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாட்டு மந்தைகள் 1867 முதல் கான்சாஸ் மாநிலத்தின் அபிலீனில் ரயில் ஏறின. போய்ச் சேர்ந்த பெரிய சந்தை சிகாகோ. அங்கே 1865-இன் கிறிஸ்துமஸ் நாளில் திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் 1971 வரை இயங்கியது. பயணம் நாள்கணக்கில் நீண்டது. வழியில் தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள் சாகும் கொடுமை வழக்கமாக இருந்ததால் 1873-இல் ஒரு சட்டம் வந்தது: விலங்குகளை 28 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பெட்டிக்குள் வைத்திருக்கக் கூடாது. இறக்கி, தீனி போட்டு, தண்ணீர் காட்டி, குறைந்தது 5 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 1906-இல் அந்தச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது; உரிமையாளர் எழுதிக் கேட்டால் 36 மணி நேரம் வரை நீட்டிக்கலாம் என்றானது. இதனால்தான் அமெரிக்க ரயில் பாதைகளில் சந்தையே இல்லாத ஊர்களில்கூடப் பெரிய பெரிய பட்டிகள் இருந்தன. உங்கள் மேசை மேல் ஓடும் ரயிலுக்கும் ஒரு பட்டி வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

அளவுகள்

மூன்று எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லெகோ துண்டின் மேலுள்ள சிறு குமிழுக்கு ஸ்டட் என்று பெயர்; ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ. மெல்லிய தட்டுத் துண்டான பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. செங்கல் போன்ற தடித்த துண்டான பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., அதாவது 3 பிளேட். லெகோ தண்டவாளத்தின் மொத்த அகலம் 8 ஸ்டட், ஒரு நேர்த் துண்டின் நீளம் 16 ஸ்டட்.

ரயில் பெட்டியை 6 ஸ்டட் அகலத்தில் கட்டுவதா, 8 ஸ்டட் அகலத்தில் கட்டுவதா என்பது லெகோ ரயில் கட்டுபவர்களிடையே ஓயாத விவாதம். 8 அகலம் பார்க்க நிஜம்போல இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் உதிரிகள் கூடும், எடை கூடும், சாதாரண வளைவில் சிரமப்படும். முதல் பெட்டிக்கு 6 போதும். கடையில் வரும் லெகோவின் ‘சிட்டி’ வரிசை ரயில் செட்டுகளும் 6 அகலம்தான் என்பதால் அவற்றோடு சேர்த்து ஓட்டவும் முடியும்.

நீளம்? நிஜப் பெட்டி ஏறத்தாழ 10 அடி அகலம், 40 அடி நீளம். அகலத்துக்கு 6 ஸ்டட் என்றால் நீளத்துக்கு அதன் நான்கு மடங்கு, 24 ஸ்டட். கணக்கு இவ்வளவு அழகாக வருவதும் இந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

இந்த அளவில் மாடு கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். நிஜத்தில் இருபதுக்கு மேல் மாடுகள் நின்ற பெட்டியில் உங்களுக்கு நாலைந்துதான் வசதியாக நிற்கும். லெகோ உலகில் மனிதனும் மாடும் தண்டவாளமும் ஒரே அளவுத்திட்டத்தில் இருப்பதில்லை. அதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலே போகலாம்.

சுவருக்கு ஒரு பக்கம் 1 ஸ்டட் போனால் உள்ளே 4 ஸ்டட் அகலம் மிஞ்சும். உங்களிடம் இருக்கும் மாட்டை ஒரு பிளேட் மேல் நிறுத்தி, பக்கத்தில் இன்னொன்றையும் நிறுத்திப் பாருங்கள். கொம்பு இடிக்கிறதா, தலை எவ்வளவு உயரம் வருகிறது என்று பிரிக்குகளை அடுக்கியே அளந்துவிடலாம். சுவருக்கு நான் சொல்லப்போகும் உயரம் 15 பிளேட், அதாவது 5 பிரிக், 48 மி.மீ. உங்கள் மாட்டுக்கு அது போதவில்லை என்றால் இரண்டிரண்டு பிளேட்டாகக் கூட்டுங்கள். ஏன் இரண்டிரண்டு என்பது சுவரைக் கட்டும்போது தெரியும்.

உதிரிகள்

முதலில் சக்கரங்கள். பெட்டியின் இரு முனைகளிலும் அடியில் நான்கு சக்கரத்தோடு தனியாகத் திரும்பும் அமைப்பு ஒன்று வேண்டும். நம் ஊரில் போகி என்றால் முழுப் பெட்டியையே நினைப்பார்கள் என்பதால் இதைச் சக்கரத் தொகுதி என்றே சொல்கிறேன். ஒரு பெட்டிக்கு இரண்டு தொகுதி, ஒவ்வொன்றிலும் ஒரு காந்தக் கப்ளிங் (பெட்டிகளைக் கோக்கும் இணைப்பு). இவை பொம்மைக் கடையில் தனியாகக் கிடைப்பது அபூர்வம். ஒரு சிட்டி ரயில் செட் வாங்கி அதிலிருந்து எடுக்கலாம். அல்லது பிரிக்லிங்க் என்ற உதிரிச் சந்தையில் தேடலாம். 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிய இணையச் சந்தை அது. இந்தியாவிலிருந்து வாங்குவதானால் உதிரியின் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தபால் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரே விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்குவதே லாபம்.

சுவருக்கும் தளத்துக்கும் வேண்டியவை (1×10 என்றால் 1 ஸ்டட் அகலம், 10 ஸ்டட் நீளம்; அடைப்பில் உதிரியின் எண், கடைசியில் எத்தனை வேண்டும் என்பது):

- 1×10 பிளேட் (எண் 4477): 32
- 1×1 பிளேட் (எண் 3024): 84
- 1×6 பிளேட் (எண் 3666): 14
- 1×2 பிளேட்: 16
- 1×8 பிளேட் (எண் 3460): 6
- 1×4 பிளேட்: 2
- 6×8 பிளேட் (எண் 3036): 3
- 6×12 பிளேட் (எண் 3028): 2

கதவுக்கும் கூரைக்கும் கையில் இருப்பதை வைத்தே சமாளிக்கலாம். அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. நிஜப் பெட்டிகளின் நிறத்துக்கு மிக நெருக்கமானது லெகோவின் செம்பழுப்பு. 2004 வாக்கில் பழைய பழுப்புக்குப் பதிலாக வந்த நிறம் இது. அதன் பிறகு பல ஆண்டுகள் வந்த செம்பழுப்பு, அடர்பழுப்பு, அடர்சிவப்பு உதிரிகள் எளிதில் விரிசல் விடும். அழுத்தினால் விளிம்பு உடைந்து கையோடு வரும். நாம் கட்டப்போவதோ மெல்லிய பிளேட்டுகளை நூற்றுக்கணக்கில் அழுத்திச் சேர்க்கும் சுவர். பழைய செம்பழுப்புச் சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். புதியதாக வாங்குங்கள். இல்லையென்றால் வேறு நிறத்துக்கு மாறிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் கணினியில் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், பிரிக்லிங்க் இலவசமாகத் தரும் ஸ்டூடியோ மென்பொருள் இருக்கிறது. அதிலேயே உதிரிப் பட்டியலும் கிடைத்துவிடும்.

தளம்

தளத்தை இரண்டு அடுக்காகப் போடுங்கள். கீழே மூன்று 6×8 பிளேட்டுகளை வரிசையாக வையுங்கள்; மூட்டுகள் 8-ஆம் ஸ்டட்டிலும் 16-ஆம் ஸ்டட்டிலும் விழும். மேலே இரண்டு 6×12. அதன் மூட்டு 12-இல். கொத்தனார் செங்கல் அடுக்குகிற கணக்குதான்: மூட்டு மேல் மூட்டு வரக் கூடாது. ரயிலுக்கென்றே வரும் 6×24 அடித்தட்டு கையில் இருந்தால் இந்த வேலை மிச்சம்.

சக்கரத் தொகுதி திரும்பும் அச்சு பெட்டியின் முனையிலிருந்து 4 ஸ்டட் உள்ளே வரட்டும். அப்படியானால் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 16 ஸ்டட். அச்சுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ரயிலுக்கென்றே வரும், பின் (சிறு முளை) வைத்த தட்டு. அது இல்லையென்றால் 2×2 சுழல்தட்டு. துளையுள்ள டெக்னிக் பிளேட்டையும் பின்னையும் வைத்தும் செய்யலாம். ஆனால் கருப்புப் பின்னைப் போடாதீர்கள். அதில் உராய்வுக்கென்றே வரிகள் இருக்கும், தொகுதி இறுகிப்போய் வளைவில் தடம் புரளும். வழுவழுப்பான சாம்பல் நிறப் பின்தான் இதற்கு.

கப்ளிங்கைப் பெட்டியின் உடலில் மாட்டாமல் சக்கரத் தொகுதியிலேயே மாட்டுங்கள். வளைவில் தொகுதி திரும்பும்போது கப்ளிங்கும் கூடவே திரும்பும். காந்தத்தின் முகம் பெட்டி முனையைத் தாண்டி வெளியே எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அச்சை ஒரு ஸ்டட் வெளிப்பக்கம் நகர்த்துங்கள்.

இரு தொகுதிகளுக்கும் நடுவே தளத்தின் அடியில் 2 அகலம், 8 நீளத்துக்கு ஒரு வரிசை பிரிக் ஒட்டிவிடுங்கள். நிஜப் பெட்டியின் நடுச்சட்டகம்போலத் தெரியும், தளமும் தொய்யாது.

உள்தளத்தில் ஸ்டட்டுகளை டைல் (மேலே ஸ்டட் இல்லாத வழுவழுப்பான துண்டு) போட்டு மூட வேண்டாம். மாட்டின் கால் ஸ்டட்டில் பிடித்து நின்றால்தான் ரயில் ஓடும்போது சாயாது. நிஜப் பெட்டிகளில் தரைக்கு மணலோ வைக்கோலோ பரப்புவார்கள். மணல் நிற 1×1 வட்டப் பிளேட்டுகளை அங்கங்கே ஒழுங்கில்லாமல் தூவினாற்போல வைத்தால் அந்தத் தோற்றம் வந்துவிடும். கால் வைக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சுவர்

பெட்டியின் அழகு முழுக்க இங்கேதான் இருக்கிறது. வேலையும் இங்கேதான்.

வேலித் துண்டுகளை வரிசையாக நட்டுவிட்டால் சுவர் ஆகிவிடாதா என்று தோன்றும். ஆகும். ஆனால் அது தோட்ட வேலிபோலத்தான் இருக்கும். கோடு போட்ட 1×2 பிரிக்குகளை அடுக்கினால் பலகைபோலத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் மாடு தெரியாது. மாடு தெரியாத மாட்டுப் பெட்டியைக் கட்டுவதற்கு மூடிய சரக்குப் பெட்டியையே கட்டிவிடலாம். அதனால் பிளேட்டும் இடைவெளியுமாக மாற்றி மாற்றி அடுக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது.

ஒரு பக்கச் சுவரின் 24 ஸ்டட்டை 10, 4, 10 என்று பிரியுங்கள். நடுவில் உள்ள 4 கதவு. இரண்டு பக்கமும் 10 ஸ்டட் பலகைப் பகுதி.

முதல் அடுக்கு: ஒவ்வொரு பகுதியிலும் ஒரு 1×10 பிளேட்டைத் தளத்தின் விளிம்பில் வையுங்கள். இது ஒரு பலகை. குறுக்குச் சுவர் வரும் முனையில், இரண்டு பக்கப் பலகைகளுக்கும் நடுவே 4 ஸ்டட் காலியாக இருக்கும். அதன் மையத்தில் ஒரு 1×2 பிளேட்டை வையுங்கள்.

இரண்டாம் அடுக்கு: இப்போது பக்கச் சுவரில் பலகை கிடையாது, சிறு தூண்கள் மட்டும். பெட்டி முனையை 1 என்று எண்ணினால் 4, 7, 10 ஆகிய ஸ்டட்டுகளில் 1×1 பிளேட் வையுங்கள். 1-ஆம் ஸ்டட்டில் தூண் வைக்காதீர்கள். அங்கேதான் குறுக்குச் சுவரின் 1×6 பிளேட் வந்து உட்காரும். அது பெட்டியின் முழு அகலத்துக்கும் ஓடி, இரு மூலைகளிலும் பக்கச் சுவர்ப் பலகையின் மேல் ஏறி நிற்கும்.

மூன்றாம் அடுக்கு மறுபடி முதல் அடுக்கைப் போல. நான்காவது இரண்டாவதைப் போல. இப்படியே 15 வரை.

மூலையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பக்கப் பலகை, குறுக்குப் பலகை, மறுபடி பக்கப் பலகை என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி மாறி மாறிப் பின்னிக்கொள்கிறது. அதனால் மூலையைப் பிடிக்கத் தனியாக எதுவும் வேண்டாம். பெட்டியைக் கையில் பிடித்துத் தூக்கினாலும் பிரியாது. தொடக்கமும் முடிவும் பலகையாக இருக்க வேண்டும் என்பதால்தான் அடுக்குகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை. உயரம் கூட்டும்போது இரண்டிரண்டாகக் கூட்டச் சொன்னதும் அதற்காகத்தான்.

15 அடுக்கில் 8 பலகை, 7 இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியும் 3.2 மி.மீ. உயரம், 2 ஸ்டட் நீளம். எட்டடி தூரத்திலிருந்து பார்த்தாலும் உள்ளே ஏதோ நிற்கிறது என்பது தெரியும்.

தூண்களுக்குச் சதுர 1×1 பிளேட்டா, வட்ட 1×1 பிளேட்டா? வட்டம் பார்க்க லேசாக இருக்கும். சதுரம் கொஞ்சம் நேராக நிற்கும். நான் சதுரம் பக்கம். கட்டும்போது இரண்டு அடுக்குக்கு ஒருமுறை ஒரு நீளமான டைலையோ அளவுகோலையோ சுவரின் வெளிப்பக்கம் வைத்து நேராகத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் தூண்கள் திருகிக்கொள்ளும், எட்டாவது பலகை வரும்போது சுவர் அலையடிக்கும்.

15 முடிந்ததும் கதவுக்கு இருபுறமும் உள்ள சுவர்கள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம். 16-ஆம் அடுக்காக ஒவ்வொரு பக்கமும் மூன்று 1×8 பிளேட்டுகளை வரிசையாகப் போடுங்கள். நடுவில் உள்ளது கதவின் 4 ஸ்டட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஸ்டட் பிடிக்கும். முனைகளில் ஒரு 1×4. சுவர் நின்றுவிட்டது.

நிஜப் பெட்டிகளின் வெளியே சாய்வான தாங்கு சட்டங்கள் இருக்கும். அதைச் செய்ய ஆசையிருந்தால், முனைகளில் கிளிப் வைத்த 1×1 பிளேட்டுகளை இடைவெளி அடுக்கில் தூணுக்குப் பதிலாக வைத்து, ஒரு மெல்லிய கம்பியைக் குறுக்காக மாட்டலாம். கிளிப் வெளியே நீட்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் வேறு ரயில் ஓடினால் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியில் இதை விட்டுவிட்டால் ஒன்றும் குறையாது.

கதவும் கூரையும்

நிஜக் கதவு பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. லெகோவிலும் கதவு ஓடும் விளிம்பு வைத்த பிளேட்டுகள் உண்டு, அவற்றை வைத்துத் தள்ளு கதவு செய்யலாம். ஆனால் சின்னப் பிள்ளைகள் விளையாடும் ரயில் என்றால் கிளிப்பும் கைப்பிடியும் வைத்துச் சுழன்று திறக்கும் கதவே நல்லது. வரலாற்றுக்கு இது ஒத்துவராது, ஆனால் பத்து நாள் கழித்தும் வேலை செய்யும். கதவுக்கும் சுவரைப் போலவே பலகையும் இடைவெளியுமாக அடுக்குங்கள். ஒரே மாதிரித் தெரியும்.

கூரை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கதவு வழியாக ஒரு மாட்டை ஏற்றலாம், நாலாவதை ஏற்ற விரல் போகாது. 6 அகலப் பிளேட்டுகளை இணைத்து ஒரு பலகை செய்து, சுவரின் மேல் விளிம்பில் டைல் போட்டு மூடிவிட்டு, நான்கு மூலைகளில் மட்டும் ஸ்டட் தெரியும்படி விடுங்கள். நான்கு ஸ்டட்டில் பிடிக்கும் கூரை, ரயில் ஓடும்போது விழாது, இழுத்தால் வந்துவிடும். கூரையின் நடுவே நீளவாக்கில் ஒரு வரிசை டைல் ஓட்டினால் பிரேக் போடுகிறவர் நடந்த பலகை கிடைத்துவிடும். 1960-கள் வரையிலான அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளின் கூரையில் அது வழக்கமாக இருந்தது.

வளைவில் ஓட்டிப் பார்த்தல்

எஞ்சினை மாட்டும் முன் பெட்டியைத் தனியாகக் கையால் தள்ளிப் பாருங்கள். லெகோவின் சாதாரண வளைவு 40 ஸ்டட் ஆரம், அதாவது 32 செ.மீ. 16 வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் முழு வட்டம், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு ஏறத்தாழ 70 செ.மீ. நிஜ ரயிலோடு ஒப்பிட்டால் இது படுமோசமான வளைவு.

நம் பெட்டிக்கு அச்சுகளின் தூரம் 16 ஸ்டட். இந்த வளைவில் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 0.8 ஸ்டட் உள்பக்கம் நகரும், முனையின் மூலை அதே அளவுக்கு வெளியே பிதுங்கும். இதே பெட்டியை 32 ஸ்டட் நீளமாக்கி அச்சுகளை 24 ஸ்டட் தள்ளி வைத்தால் நடுப்பகுதி 1.8 ஸ்டட் உள்ளே போய்விடும். நீளம் கூடக் கூடப் பிளாட்பாரம், கம்பம், பக்கத்து ரயில் எல்லாவற்றையும் இடிப்பது இதனால்தான். 24-இல் நிற்பதற்கு இது இன்னொரு நியாயம்.

பாயிண்டில், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், பெட்டி ஒரு பக்கம் வளைந்து உடனே மறுபக்கம் வளையும். தடம் புரள்வது பெரும்பாலும் அங்கேதான். புரண்டால் மூன்றைப் பாருங்கள்: சக்கரத் தொகுதி தளத்தின் அடியில் எதையாவது உரசுகிறதா, அச்சு இறுக்கமாக இருக்கிறதா, சக்கர அச்சில் தலைமுடி சுற்றியிருக்கிறதா. மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் தரையில் ஓடும் ரயிலுக்கு அதுதான் முதல் எதிரி.

இரண்டு பெட்டிகளைக் கோத்தும் தள்ளிப் பாருங்கள். வளைவில் பெட்டிகளின் மூலைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

எஞ்சின்

சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்குத் தனிக் கட்டுரைகள் ஏராளம். லெகோ ரயில் 1966-இல் தொடங்கி 4.5 வோல்ட், 12 வோல்ட், 9 வோல்ட் என்று பல தலைமுறைகளைக் கடந்து, 2018 முதல் பவர்டு அப் என்ற புளூடூத் அமைப்பில் நிற்கிறது. 6 ஏஏஏ பேட்டரி போடும் ஒரு ஹப் (மோட்டாரை இயக்கும் பெட்டி), ஒரு ரயில் மோட்டார், ஒரு ரிமோட். சிட்டி ரயில் செட் வாங்கினால் இந்த மூன்றும் அதிலேயே வரும். அந்த எஞ்சினையே இழுக்கவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிளேட்டாக அடுக்கிய நம் பெட்டி, பார்க்க இடைவெளி நிறைந்து லேசாகத் தெரிந்தாலும் எடை கூடியது. மோட்டார் சக்கரத்தில் ரப்பர் வளையம் உண்டு. அது பிடிக்க வேண்டுமானால் மோட்டாருக்கு மேலே எடை வேண்டும். சக்கரம் சுற்றியும் ரயில் நகராமல் நின்றால் ஹப்பை மோட்டார் பக்கமாக நகர்த்துங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இரண்டாவது மோட்டார். ஹப்பில் அதற்கு இடம் இருக்கிறது. இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் ஒரு மோட்டாரைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

கால்நடைப் பெட்டிகளை எஞ்சினுக்கு அடுத்தபடியாக முன்பக்கமே கோப்பது நிஜ வழக்கம். நீண்ட சரக்கு ரயிலில் பின்னால் போகப் போகக் கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுக்கல் அதிகம், விலங்குகள் கால் தடுமாறி விழும். முன்னால் இருந்தால் பட்டியில் கழற்றி விடுவதும் சுலபம். கடைசியில் ஒரு கார்டு வேன். மாடுகளோடு கூடவே போகும் மேய்ப்பர்களுக்கு இடம் வைத்த கார்டு வேன்களும் அமெரிக்காவில் உண்டு. அதனால் உங்கள் வேனில் தொப்பி போட்ட இரண்டு மாட்டுக்காரர்களைத் தாராளமாக உட்கார வைக்கலாம்.

உங்கள் விருப்பத்துக்கு மாற்ற

ஆடும் பன்றியும் ஏற்றுவதானால் பெட்டியை இரண்டு தட்டாக்குங்கள். நிஜத்திலும் அப்படித்தான் செய்தார்கள். 7-ஆம் அடுக்கு ஒரு பலகை அடுக்கு. அதன் மேல் ஏறி நிற்கும்படி 8-ஆம் அடுக்கில், சிறு தூண்களுக்குப் பதிலாக, சுவர் வரைக்கும் அகலமான 6 ஸ்டட் பிளேட்டை ஆங்காங்கே ஓட்டினால் இரண்டாம் தளம் கிடைக்கும். உங்கள் ஆட்டின் உயரத்தை முதலில் அளந்துவிடுங்கள். ஆடு என்றதும் ஒரு விஷயம்: 2011-இல் கிங்டம்ஸ் வரிசையில் ஓர் ஆலைக் கிராம செட்டோடு வந்த வெள்ளாடு நெடுநாள் வேறெதிலும் வராததால் பழைய சரக்குச் சந்தையில் விலை எகிறிய பிராணி. அதைத் தேடி அலைய வேண்டாம். சில சிறு பிரிக்குகளை வைத்து நீங்களே ஓர் ஆடு கட்டிக்கொள்ளலாம், பெட்டிக்குள் நின்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பெட்டி பழையதாகத் தெரிய வேண்டுமா? கீழ்ப்பகுதியை வெளுக்க வையுங்கள். பிரிட்டனில் மாட்டுப் பெட்டிகளை நோய் பரவாமலிருக்கச் சுண்ணாம்பு அடித்துக் கழுவினார்கள். அது வழிந்து பெட்டியின் கீழ்ப்பாதி வெள்ளையடித்ததுபோல ஆகிவிடும். பிறகு, சுண்ணாம்பு விலங்குகளின் காலைப் புண்ணாக்குகிறது என்று அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். கீழ் மூன்று இடைவெளி அடுக்குகளில் சில 1×1 தூண்களை வெள்ளையாக்குங்கள். ஒரு பலகையில் 1×10-க்குப் பதில் செம்பழுப்பு 1×6-உம் வெள்ளை 1×4-உம் போடுங்கள். சீராகச் செய்யாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

பிரிட்டிஷ் பெட்டியையே கட்ட ஆசைப்பட்டால் அது குட்டையானது, நான்கே சக்கரம். அதில் எனக்குப் பிடித்த ஒன்று உள்ளே நகர்த்தும் தடுப்பு. குறைவான மாடுகளை ஏற்றும்போது தடுப்பை நகர்த்தி இடத்தைச் சுருக்கி, சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கினார்கள். லெகோவில் அது வெறும் ஒரு 4 அகலச் சுவர். செய்துவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும்.

எண்ணும் கம்பெனி எழுத்தும் ஒட்ட, இடைவெளி உள்ள சுவரில் இடம் இருக்காது. நிஜப் பெட்டிகளில் அதற்கென்றே சுவரில் ஒரு பலகை அடித்திருப்பார்கள். கதவுக்குப் பக்கத்தில் இரண்டு இடைவெளிகளில் பக்கவாட்டு ஸ்டட் வைத்த 1×1 பிரிக்கை நுழைத்து, அதன் மேல் ஒரு டைல் மாட்டி, ஸ்டிக்கரை அதில் ஒட்டுங்கள். 1×1 பிரிக் 3 பிளேட் உயரம் என்பதால் இடைவெளி, பலகை, இடைவெளி என்ற மூன்று அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் 1×10 பலகையை இரண்டு துண்டாகப் போட வேண்டியிருக்கும்.

பட்டி

இரண்டு பட்டிகள் கட்டுங்கள்: ஏற்றும் இடத்தில் ஒன்று, வழியில் ஓய்வுக்கு ஒன்று. 1×4 வேலித் துண்டுகள் போதும். பட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சரிவுப் பாதை வேண்டும், அதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பெட்டியைத் தண்டவாளத்தில் நிறுத்தி, அதன் தளம் மேசையிலிருந்து எத்தனை பிளேட் உயரம் என்று அளந்துவிட்டு, அந்த உயரத்துக்குப் பிளேட்டுகளைப் படிபோல ஏற்றிக்கொண்டு போங்கள். சரிவுப் பாதையின் மேல் முனை தண்டவாளத்தின் விளிம்பிலிருந்து ஒரு ஸ்டட்டாவது தள்ளி இருக்கட்டும். அருகே வளைவு இருந்தால் இரண்டு ஸ்டட்.

இரண்டாவது பட்டி வந்ததும் ரயில் வட்டமடிப்பதை விட்டுவிட்டு வேலை செய்யத் தொடங்கும். ஒரு சுற்றை இத்தனை மணி நேரம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 4 மணி என்றால் ஏழாவது சுற்று முடிவதற்குள் ஓய்வுப் பட்டியில் நிறுத்தி, கூரையைத் திறந்து எல்லா மாட்டையும் இறக்கி, தண்ணீர் காட்டியாக வேண்டும். தாமதமானால் கம்பெனிக்கு அபராதம். எண்ணத் தெரிந்த பிள்ளை ஒருவரை அதிகாரியாக நியமித்துவிட்டால் நீங்கள் ஏமாற்றவே முடியாது.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் விளையாட்டு முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். அந்த 84 சிறு பிளேட்டுகளும் வாய்க்குள் போகிற அளவுதான். பழைய கப்ளிங்குகளில் காந்தம் தனியாகக் கழன்று வரும், அது இன்னும் ஆபத்து. அப்படிப்பட்ட கப்ளிங் இருந்தால் புதிய, மூடிய வகைக்கு மாற்றிவிடுங்கள்.